மணப்பெண்ணுக்கு இவ்வளவு பெரிய வாயா?

கோக்-பெல் கிராமம்
5 மார்ச் 1996

அன்புள்ள வெனேரா,

நூருஸ் புத்தாண்டுக் கண்காட்சிக்கு நீ கேட்ட படங்களைச் சுருட்டி, பஸ் டிரைவர் போலோத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவன் அவற்றின் மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டாமல் இருந்தால் அது உன் அதிர்ஷ்டம். பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. கூட்டுப் பண்ணையை மூடியபோது அலுவலகத்தில் மிஞ்சிக் கிடந்த மாட்டுத்தீவனச் சுவரொட்டிகள்தான் இப்போது எங்கள் பள்ளிக்கு வரையும் தாள். நீங்கள் தலைநகரத்தில் உட்கார்ந்துகொண்டு 'சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பது எப்படி' என்று புத்தகம் போடுகிறீர்கள். வண்ணம் வாங்குவது எப்படி என்று ஒரு பக்கமாவது அதில் எழுதியிருக்கலாம். நாங்கள் அடுப்புக்கரி, பீட்ரூட் சாறு, வெங்காயத்தோல் கொதிக்கவைத்த மஞ்சள், இவற்றை வைத்து ஓட்டுகிறோம். நீலம் கிடைக்கவில்லை. வானத்தை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள், தாளில் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

'எங்கள் வீட்டுக் கொண்டாட்டம்' என்று நீ தலைப்பு அனுப்பினாய். பாதி வகுப்பு ஆடு அறுப்பதை வரைந்துவிட்டது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ரத்தம் பூச எவ்வளவு ஆசை தெரியுமா? பீட்ரூட் தீர்ந்தது அதனால்தான்.

எல்லாவற்றிலும் நல்ல படம் பெகாயிம் வரைந்தது. இரண்டாம் வகுப்பு. பால் வண்டி ஓட்டும் குபாத்தின் தங்கை. அப்பா இல்லாத வீடு. அம்மா சபிரா, அண்ணன், இவள், அவ்வளவுதான். குபாத் போன மாதக் கடைசியில் பெண் கொண்டுவந்தான். அந்தப் பெண் வீட்டுக்குள் வருவதைத்தான் வரைந்திருக்கிறாள். விருந்துக்கு இன்னும் எங்களைக் கூப்பிடவில்லை. பெண்ணுக்குக் கூச்சமாம்.

படத்தில் மணப்பெண்ணின் வாயை அண்டா மாதிரி வரைந்து வைத்திருந்தாள். "ஏண்டி, மணப்பெண்ணுக்கு இவ்வளவு பெரிய வாயா? ஊரு சிரிக்காது?" என்று கேட்டேன். கரித்துண்டை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள். எங்களிடம் ரப்பர் கிடையாது, ரொட்டியைப் பிசைந்து அழித்தால் பாவம். அதனால் நானே விரலில் எச்சில் தொட்டுத் துடைத்து, பீட்ரூட்டால் சின்னதாக, லட்சணமாக ஒரு வாய் வைத்துக்கொடுத்தேன். ஐந்துக்கு ஐந்தும் போட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும், திட்டிக்கொள்.

உன்,
குல்சைரா


பிஷ்கெக்
9 மார்ச்

குல்சைரா,

படங்கள் வந்து சேர்ந்தன. போலோத் அவற்றின் மேல் உட்காரவில்லை, ஆட்டுக்கறி மூட்டையை வைத்திருந்தான்.

முதலில் திட்டிவிடுகிறேன். பிள்ளையின் தாளில் ஆசிரியர் கை வைக்கக் கூடாது என்று பயிற்சிக் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தபோதே உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் நீ கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு அளவு தெரியாமல் இல்லை. அந்த வயதில் எது முக்கியமோ அதைப் பெரிதாக வரைவார்கள். கையைப் பெரிதாக வரைந்தால் அந்தக் கை ஏதோ செய்திருக்கிறது. வாயைப் பெரிதாக வரைந்தால் அந்த வாய் ஏதோ செய்துகொண்டிருக்கிறது. இதைத்தானே நாம் பரீட்சையில் எழுதினோம்?

அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ துடைத்தாலும் கரி முழுசாகப் போகவில்லை. பழைய வாய் முகத்தில் பாதி இருக்கிறது. யாரும் அப்படிச் சிரிப்பதில்லை, குல்சைரா. மற்றதையும் பார்த்தாயா, இல்லை ஐந்துக்கு ஐந்து போடும் அவசரத்தில் விட்டுவிட்டாயா? நான்கு ஆண்கள் அவளுடைய கையையும் காலையும் பிடித்திருக்கிறார்கள். அவள் கால் தரையில் படவில்லை. ஒரு காலில் பூட்ஸ் இருக்கிறது, மற்றது வெறுங்கால். பனிக்காலத்தில் வெறுங்கால்! பெகாயிம் விரல்களைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறாள். வாசலில் ஒரு பொம்பளை வெள்ளை முக்காட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நிற்கிறாள். அந்தத் தாளில் நீ வைத்த வாயைத் தவிர மற்ற எல்லாம் உண்மை.

யார் அந்தப் பெண்? எந்த ஊர்? அவள் வீட்டுக்குத் தெரியுமா?

இத்துடன் வெள்ளைத் தாள்களும் ஒரு நீலக் கட்டியும் அனுப்பியிருக்கிறேன். பெகாயிமிடம் கொடு. தலைப்பு கொடுக்காதே, திருத்தாதே. "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்.

வெனேரா


கோக்-பெல்
13 மார்ச்

வெனேரா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பிறகு பாதி எரிந்ததை எடுத்துத் திரும்பப் படித்தேன். இரண்டும் கோபத்தில்தான்.

பெண் தூக்குவது நேற்று முளைத்த வழக்கமா? என்னையும்தான் தூக்கிவந்தார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளை, பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே ஷர்ஷெனும் அவர் கூட்டாளிகளும் வண்டியில் போட்டார்கள். நான் அழுதேன், கத்தினேன், தட்டுகளை உடைத்தேன். கடைசியில் என் மாமியார் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். பெரியவளைத் தாண்டிப் போகிறவள் வம்சம் விளங்காது என்பது உனக்கும் தெரியும். நான் தாண்டவில்லை. முக்காட்டைத் தலையில் போட்டார்கள், அதோடு கல்யாணம் முடிந்தது. மூன்று பையன்களைப் பெற்றேன், தபாலில் படித்து டீச்சரும் ஆனேன். செத்தா போய்விட்டேன்? ஷர்ஷென் ஒருநாளும் என்னை அடித்ததில்லை. உனக்குப் புருஷனே நிலைக்கவில்லை, நீ எனக்குக் கல்யாணம் பற்றிப் பாடம் எடுக்கிறாய்.

சரி, இதை எழுதிவிட்டேன். எழுதாமல் இருந்திருக்கலாம். அடித்துத் திருத்தினால் தாள் வீண்.

உன் தாளைப் பெகாயிமிடம் கொடுத்தேன். "அப்புறம்?" என்றேன். பாட நேரம் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். மூலையில் திரை. திரைக்குப் பின்னால் அந்தப் பெண். இரண்டு கையும் கயிற்றால் கட்டியிருக்கிறது. அண்ணன் குபாத்துக்கு ஒரு காது மட்டும் வரைந்து, மற்ற இடத்தில் சிவப்பு. வகுப்பில் எல்லோரும் நீலத்துக்கு அடித்துக்கொண்டார்கள், இவள் கொடுக்கவேயில்லை. வானத்துக்குப் பூசப்போகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் கன்னத்தில், கண்ணைச் சுற்றி, மணிக்கட்டில் பூசினாள்.

அதற்கப்புறம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பெகாயிமின் படிப்பைப் பற்றிப் பேச வந்ததாகச் சொல்லிக்கொண்டு போனேன். சபிரா பால் டீ ஊற்றிக் கொடுத்தாள். "கைய கட்டாம என்ன டீச்சர் பண்றது? எம்புள்ள காத கடிச்சுத் துப்பிட்டா. கீழ விழுந்தத நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு. இவ்வளவு திமிரு எந்த ஊருப் பொண்ணுக்கு இருக்கு?" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு வலு உள்ள மருமகள் மாடு மேய்க்க ஆவாள் என்று நினைத்தாளோ என்னவோ.

அவள் பெயர் அய்சுலு. பத்தொன்பது வயது. உங்கள் ஊரில் தையல் பள்ளி விடுதியில் இருந்தவள். அம்மா அப்பா இல்லை, அண்ணன் சைபீரியாவில் மரம் வெட்டுகிறான். அதனால்தான் இவர்கள் வழக்கப்படி ஆட்டைப் பிடித்துக்கொண்டு பெண் வீட்டில் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க ஆளே இல்லையே. முல்லாவைக் கூட்டிவந்து ஓதியும் விட்டார்களாம். சம்மதமா என்று கேட்டபோது அவள் பேசவில்லையாம், அதுவே சம்மதமாம். அவள் உதடு பேசுகிற நிலையில் இல்லை என்பதை நான் பார்த்தேன்.

திரையை விலக்கியதும், "அக்கா, மூடாதீங்க. கொஞ்ச நேரம் தொறந்தே இருக்கட்டும்" என்றாள். நான் அவள் தலையைத் தடவி, "அழாதம்மா, பழகிடும்" என்றேன். எனக்கு அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. சொல்லிவிட்டு வெளியே வந்து வேலி ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

நீ ஒன்றும் செய்யாதே. நான் இந்த ஊரில் வாழ வேண்டும்.

குல்சைரா


பிஷ்கெக்
17 மார்ச்

குல்சைரா,

புருஷன் விஷயம் சுட்டது. உண்மை என்பதால் அதிகமாகவே சுட்டது. அதைப் பிறகு பேசுவோம்.

தையல் பள்ளி விடுதிக்குப் போனேன். "அய்சுலுவா? ஊருக்குப் போயிருக்கா" என்றார் காப்பாளர். எந்த ஊருக்கு என்று கேட்டால் தெரியாது. அவள் கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருக்கிறாள். அவள் தைத்து முடிக்காத சட்டை ஒன்று பெட்டிக்கடியில் கிடந்தது, அதை வாங்கிவந்தேன்.

அங்கிருந்து காவல் நிலையம் போனேன். அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தான். "அக்கா, கல்யாணத்துக்கு யாராவது போலீஸ கூப்பிடுவாங்களா? போயி நல்லா சாப்பிட்டுட்டு வாங்க" என்றான். பக்கத்தில் இருந்தவனும் சிரித்தான். நான் மேசையைத் தட்டிக் கத்தியதும், உங்கள் ஊர்க் காவலருக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னான். சொல்வானா என்று தெரியாது.

இன்னொன்று. நீ கோபப்படுவாய், படு. பெகாயிமின் படத்தைக் கண்காட்சியில் வாசலுக்கு எதிரே மாட்டப்போகிறேன். ஈரப் பஞ்சால் உன் பீட்ரூட் வாயைத் துடைத்துவிட்டேன். கரி வாய் இப்போது நன்றாகத் தெரிகிறது. நூருஸ் அன்று மந்திரியும் வருவார், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். அந்த வாயைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே போக வேண்டும். காவல் நிலையத்தில் சிரித்த மாதிரி அங்கே சிரிக்கட்டும், பார்க்கலாம்.

வெனேரா


கோக்-பெல்
24 மார்ச்

வெனேரா,

பிள்ளையின் தாளில் கை வைக்காதே என்று எனக்குப் பாடம் எடுத்தவளே, நீ வைத்த கை என்ன செய்திருக்கிறது என்று கேள்.

நூருஸ் மறுநாள் பத்திரிகை வந்தது. படத்தோடு போட்டிருந்தார்கள். முதல் பரிசு என்று கேள்விப்பட்டதும் குபாத் கடையில் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தானாம். "எந்தங்கச்சி! தலைநகரத்துல மொதப் பரிசு!" என்று ஓட்காவும் ஊற்றினானாம். அவன் படத்தின் கீழே இருந்ததைப் படிக்கவில்லை. கடைக்காரி படித்தாள், சத்தமாக. 'இது கல்யாணம் இல்லை. பெகாயிம், இரண்டாம் வகுப்பு, கோக்-பெல் பள்ளி.' கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "குபாத்து, இதுல உனக்கு ரெண்டு காதும் இருக்குடா. அவசரத்துல வரைஞ்சுட்டா போல" என்று ஒருவன் சொன்னான்.

பெயரும் வகுப்பும் பள்ளியும். உன் அழகான கையெழுத்தில்.

பெகாயிம் அன்று பள்ளிக்கு வரவில்லை, எண்ணெயில் பொரிக்கும் போர்சோக்குக்கு அம்மாவோடு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குபாத் அவளைக் கையில் மாவோடு இழுத்துக்கொண்டு போய், பால் வண்டிக் கதவில் அவள் வலது கையை வைத்துச் சாத்தினான். ஒரு தடவை இல்லை. இரண்டு விரல் உடைந்துவிட்டது, மற்றது வீங்கி எது எந்த விரல் என்றே தெரியவில்லை. கட்டுக்கட்டுபவர் குச்சி வைத்துக் கட்டியிருக்கிறார். அவள் கத்தியது பள்ளிவரை கேட்டது. ஏதோ ஆடு அறுக்கிறார்கள் என்று நினைத்தோம், பண்டிகை சமயம் இல்லையா.

பிறகு வீட்டுக்குள் போய் அய்சுலுவை அடித்தான். அது முடிந்து சாட்டையோடு என் வகுப்புக்கு வந்தான். பிள்ளைகள் அப்போது கோழிக்குஞ்சு வரைந்துகொண்டிருந்தார்கள். என் முகத்தின் குறுக்கே ஒரு வீச்சு. நான் மேசைமேல் விழுந்தேன், இன்னொன்று முதுகில். சுவரில் இருந்த படங்களையெல்லாம் கிழித்து அடுப்பில் திணித்தான். ஒரு பிள்ளை தன் கோழிக்குஞ்சை மார்போடு அணைத்துக்கொண்டது, அதையும் பிடுங்கினான். என் வலது கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

நீ சொல்லியனுப்பிய ஊர்க் காவலர் அடுத்த நாள் வந்தார். குபாத்தின் பெரியம்மா மகன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், படம்னா மலை, பூ, குதிரைன்னு வரையச் சொல்லுங்க. எதுக்கு மனுஷங்கள வரையிறீங்க?" என்று அறிவுரை சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஷர்ஷென் யார் அடித்தது என்று கேட்டார். சொன்னேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவனிடம்தான் போகிறார் என்று நினைத்தேன். லாயத்தில் குதிரைக்கு வைக்கோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "உன்ன யாரு அந்த வீட்டுக்குப் போகச் சொன்னது?" என்றார்.

உன்னை வெறுக்கிறேன், வெனேரா. இந்த வாரம் எல்லோரையும் வெறுக்கிறேன். அதில் உன்னைக் கொஞ்சம் அதிகமாக.

குல்சைரா


பிஷ்கெக்
26 மார்ச்

குல்சைரா,

ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், வகுப்பு, பள்ளி எழுதுவது என் வேலை. வேலை பார்க்க வந்த நாளிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய மரியாதை அது என்று நினைத்தேன். அந்தப் பெயரை ஒருவன் அட்ரஸாகப் படிப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படத்தை இறக்கிவிட்டேன். இனி இறக்கி என்ன.

மன்னிப்புக் கேட்டால் உனக்கு இன்னும் ஆத்திரம்தான் வரும். கேட்கவில்லை.

போலோத்தின் பஸ் வரும் நாட்களில் நான் நிலையத்தில் நிற்பேன். யாராவது இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நிற்பேன். என் அறையில் இன்னொரு கட்டில் போட்டிருக்கிறேன். நீ எதுவும் செய்ய வேண்டாம். உன் கண்ணைப் பார்த்துக்கொள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

வெனேரா


பஸ்ஸில் வைத்து எழுதியது
29 மார்ச்

வெனேரா,

இந்தச் சீட்டைக் கொண்டுவருபவள்தான் அய்சுலு. செருப்பு என்னுடையது, பெரிதாக இருக்கும், பார்த்து நடக்கச் சொல். முதலில் மருத்துவமனைக்குப் போ. கயிறு பட்ட இடம் சீழ் வைத்திருக்கிறது. போலோத் ஹாரன் அடிக்கிறான். நான் இறங்குகிறேன்.

குல்சைரா


பிஷ்கெக்
31 மார்ச்

குல்சைரா,

வந்துவிட்டாள். போலோத் அவளைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, டிக்கெட் கேட்காமல் போய்விட்டான்.

இரண்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். இன்னும் சிலவற்றையும் சொன்னார்கள், அவற்றை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு பெண் மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், "இந்தத் தடவ சிரிக்க மாட்டாங்க" என்றார். அண்ணனுக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன்.

அய்சுலு பேசுவதில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டு வந்து படுக்கிறாள். குளிராக இருக்கிறது, பரவாயில்லை, இரண்டு போர்வை போர்த்திக்கொள்கிறோம். நேற்று ஒரே ஒரு தடவை, "டீச்சரக்காவ அவன் கொன்னுட்டானா?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது? நீ ஒரு சீட்டில் செருப்பைப் பற்றி எழுதிவிட்டு இறங்கிவிட்டாய்.

உயிரோடு இருந்தால் எழுது. எப்படி வெளியே கொண்டுவந்தாய் என்று எழுது. பெகாயிம் எங்கே?

வெனேரா


கோக்-பெல்
5 ஏப்ரல்

வெனேரா,

உயிரோடுதான் இருக்கிறேன். இடது பக்கம் படுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவளிடம் சொல்லிவிடு.

அன்று காலை வகுப்பில், "இன்னிக்கு வெளியில போய் வரையலாம். பாடம், வீடும் கதவும்" என்றேன். பிள்ளைகள் தாளையும் கரியையும் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். குபாத் அந்நேரம் பால் எடுக்க மேல் கிராமங்களுக்குப் போயிருப்பான். நேராகச் சபிராவின் முற்றத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். விறகுக் கட்டைமேல், கவிழ்த்த தொட்டிமேல், வண்டிச் சக்கரத்தின் மேல் என்று உட்கார வைத்தேன்.

சபிரா கை துடைத்துக்கொண்டே வந்தாள். "இது என்ன டீச்சர் கூத்து? எம்மவன் கிட்ட வாங்குனது பத்தலையா?"

"வீடு வரையிற பாடம் சபிராக்கா. ஊருலயே உங்க வீட்டுக் கதவுதான் பார்க்க லட்சணமா இருக்கு, பசங்க வேற எதையும் வரைய மாட்டேங்குது" என்றேன்.

நீயே சொல், முற்றத்தில் அத்தனை பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கும்போது எந்த வீட்டுக்காரி வெறும் வாயோடு அனுப்புவாள்? சபிரா என்னைத் திட்டிக்கொண்டே போர்சோக் எடுக்கச் சமையல் கொட்டகைக்குப் போனாள். நான் உள்ளே போனேன்.

கயிற்றின் முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவிழ்க்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். "நடக்க முடியுமா?" என்றேன். தலையை ஆட்டினாள். திரையிலிருந்து கதவுக்கு நான்கு அடி வந்திருப்போம், வெளியே தட்டு விழுகிற சத்தம் கேட்டது. சபிரா ஓடிவந்து வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். வெள்ளை முக்காட்டைத் தன் மேல் விரித்துக்கொண்டாள்.

"தாண்டிப் பாருடி! என்னைத் தாண்டிப் போறவ வயிறு காஞ்சு போகும்! கல்லத்தான் பெத்துப்போடுவ!"

அய்சுலு நின்றுவிட்டாள். நாலு ஆம்பளைகளை உதைத்தவள், காதைக் கடித்துத் துப்பியவள், கட்டிப்போட்டு அடித்தும் தலையில் முக்காட்டை நிற்கவிடாதவள், தரையில் படுத்திருக்கும் ஒரு பொம்பளைக்கு முன்னால் மரம் மாதிரி நின்றாள். "மூணு தடவ இந்த வாசல் வரைக்கும் வந்துட்டேன் அக்கா. இதுக்கு மேல கால் வரல" என்றாள்.

எனக்கும் வரவில்லை என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். வெளியே பிள்ளைகள் வரைவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி இந்த வயிறு காய்ந்தால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். வெனேரா, அவள் ஒரு எட்டு அகலம்தான் இருந்தாள். வெளியே நின்று திரும்பிக் கையை நீட்டினேன். "வாடி. நான் இங்கதான் நிக்கிறேன், வா" என்றேன்.

வந்தாள். கடைசி நேரத்தில் சபிரா அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவள் அந்தப் பக்கம் இழுக்க, நகம் சதையைக் கிழித்தது. அந்தக் காயத்தை நீ பார்த்திருப்பாய்.

முற்றத்தைக் கடப்பதற்குள் பால் வண்டி வந்துவிட்டது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், நம் ஊரில் அதற்கு ஆள் பஞ்சமா? அவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, ஓடும்போதே குதித்தான், வண்டி வேலியில் மோதிப் பால் கேன்கள் உருண்டன. அய்சுலுவின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சேற்றில் இழுத்தான். நான் அவன் கையைக் கடித்தேன். கீழே தள்ளி விலாவில் உதைத்தான். எத்தனை உதை என்று எண்ணவில்லை. பிள்ளைகள் பாதிப் பேர் அழுதுகொண்டு ஓடினார்கள். இரண்டு சின்னப் பெண்கள் ஓடவில்லை, அவன் காலைக் கட்டிக்கொண்டார்கள். ஒன்றை உதறினான், தொட்டியில் போய் விழுந்து வாயெல்லாம் ரத்தம். ஊர்க் காவலரின் மகள் அது.

ஓடிய பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்கள் வந்தார்கள். ஒரு மாதமாக அந்த வீட்டில் ஒருத்தி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தன் பிள்ளை வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் காது வந்துவிட்டது. காவலர்தான் முதலில் அடித்தார். பெரியம்மா மகன் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது. கீழே விழுந்த குபாத் கத்தியை உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். அப்போதுதான் ஷர்ஷென் வைக்கோல் முள்கரண்டியின் கட்டையோடு வந்தார். ஒரே அடி. கத்தி பிடித்திருந்த கை முழங்கைக்குக் கீழே மடங்கியது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாயோ தெரியாது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அய்சுலுவைப் போலோத்தின் பஸ்ஸில் ஏற்றினேன். மற்றது உனக்குத் தெரியும்.

குபாத்தைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அய்சுலுவுக்காக இல்லை, காவலர் மகளின் இரண்டு பல்லுக்காக. நீ அந்த மருத்துவர் எழுதியதை எடுத்துக்கொண்டு வா. அய்சுலுவுக்காகவும் அவனை உள்ளே வைக்க வேண்டும். சாட்சி சொல்ல நான் இருக்கிறேன், இரண்டாம் வகுப்பு முழுக்க இருக்கிறது.

மூன்றாம் நாள் சபிரா என் வீட்டுக்கு வந்தாள். பெகாயிமைக் கையில் பிடித்திருந்தாள், துணி மூட்டை ஒன்று. வாசலுக்குள் வரவில்லை. "உன்னைச் சபிச்சது சபிச்சதுதான், அத நான் திரும்ப எடுக்க மாட்டேன். ஆனா அவன் என்னிக்காவது வெளிய வருவான். இவ உன் வீட்டுல இருக்கட்டும்" என்றாள். பிள்ளையின் கட்டுப்போட்ட கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். பெகாயிம் இப்போது என் கடைசிப் பையனோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறாள், அவனை ஏமாற்றிக் கறியைத் தின்றுவிடுகிறாள். விரல் கூடும் என்கிறார்கள். முன்பு மாதிரி மடங்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

வகுப்புக்குப் பாதிப் பேர்தான் வருகிறார்கள். பெரியவளைத் தாண்டியவள் கையால் எழுத்து கற்கக் கூடாது என்று சில வீடுகளில் சொல்கிறார்களாம். வந்தவர்களை வைத்து நடத்துகிறேன்.

கடைசியாக ஒன்றை எழுதிவிட்டு முடிக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம்தான்.

இன்று மத்தியானம் ஷர்ஷென் முற்றத்தில் உட்கார்ந்து சேணம் தைத்துக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டேன். தலையைத் தூக்காமலே, "ஒரே எட்டுல தாண்டிட்டியாமே" என்றார்.

"ஆமா."

"அன்னிக்கு எங்கம்மா படுத்திருந்தப்ப ஏன் தாண்டல?"

இத்தனை வருடத்தில் இந்த மனிதர் இதைக் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியும் என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது.

"அன்னிக்கு வெளியில யாரும் நிக்கலயே" என்றேன்.

ஊசியைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் நின்னேனே" என்றார்.

"அதான்" என்றேன்.

குல்சைரா